கோழிக்கூண்டில் ஈ: மருந்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஈரத்தைத் தேடுங்கள்

கேள்வி இதுதான்: வீட்டுக்குப் பின்னால் 15 நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. மழை பிடித்ததிலிருந்து ஈ தாங்க முடியவில்லை. மருந்து அடித்தால் இரண்டு நாள் குறைகிறது, ஒரு வாரத்தில் பழையபடி மொய்க்கிறது. பக்கத்து வீட்டில் சத்தம் போடுகிறார்கள். கோழிகளை விற்றுவிடலாமா?

விற்க வேண்டாம். 15 கோழி என்பது கைக்குள் அடங்குகிற கூட்டம். மூன்று வாரம் ஒழுங்காக வேலை செய்தால் ஈயைப் பெரிதும் அடக்கிவிடலாம். ஒரு மூட்டை உமி, கொஞ்சம் அடுப்புச் சாம்பல், ஒரு தார்ப்பாய், பெரிய செலவு இவ்வளவுதான். ஆனால் மருந்திலிருந்து தொடங்காதீர்கள். நான் நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிக் கொட்டகைகளில் பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது வீட்டில் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிகள் வைத்திருக்கிறேன். கொட்டகையில் நாங்களும் முதலில் இதே தவறைத்தான் செய்தோம். பறக்கிற ஈயைத் துரத்திக்கொண்டே இருந்தோம், அது பிறக்கிற இடத்தைத் தேடவில்லை.

மருந்து அடித்தும் ஏன் ஒரு வாரத்தில் திரும்புகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். பெண் ஈ ஒரு தடவையில் நூறு முட்டைக்கு முன்பின் இடும். வாழ்நாளில் இப்படி நாலைந்து தடவை இடும். நம் ஊர் வெப்பத்தில் அந்த முட்டை ஒரே நாளில் பொரிந்து புழுவாகிவிடும். புழு நாலு முதல் ஆறு நாள் எச்சத்துக்குள் தின்று வளரும். அப்புறம் ஈரத்தை விட்டு நகர்ந்து ஓரத்தில் காய்ந்த இடமாகப் பார்த்துக் கூட்டுப்புழுவாகும். அது நெல்மணியைவிடச் சின்னதாக, பழுப்புச் சிவப்பாக, கட்டியாக இருக்கும். இன்னும் நாலைந்து நாளில் அதிலிருந்து ஈ வெளியே வரும். ஆக, முட்டையிலிருந்து ஈ வரைக்கும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள். நீங்கள் மருந்து அடித்த அன்று செத்தது பறந்துகொண்டிருந்த ஈ மட்டும். எச்சத்துக்குள் இருந்த புழுவும் மண்ணுக்குள் இருந்த கூட்டுப்புழுவும் பத்திரமாக இருந்தன. அவைதான் அடுத்த வாரம் உங்கள் வீட்டுச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன.

எச்சம் தானாக ஈயை உண்டாக்குவதில்லை. அது ஈரமாக இருக்க வேண்டும். புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான், அந்த ஈரத்தில் புழு செழிக்கும். அதே எச்சம் கையில் எடுத்தால் உதிர்கிற அளவுக்குக் காய்ந்துவிட்டால் புழு வளரவே முடியாது. சித்திரை வெயிலில் எச்சம் நிறையக் கிடந்தாலும் ஈ குறைவாகவும், ஐப்பசி மழையில் கொஞ்சம் எச்சத்துக்கே ஈ அதிகமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது ஒரு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போங்கள். எங்கெல்லாம் ஈரம் தெரிகிறதோ அங்கெல்லாம் இரண்டு அங்குலம் கிளறிப் பாருங்கள். தண்ணீர்ச் சட்டிக்கு அடியில், கோழி அடையும் கம்புக்குக் கீழே, கூண்டின் சுவர் ஓரத்தில், கூரைத் தண்ணீர் சொட்டுகிற கோட்டில், அள்ளிக் கொட்டிய எருக்குவியலின் விளிம்பில், சிந்திய தீவனம் சேர்கிற மூலையில். வெள்ளைப் புழு கொத்தாக நெளிகிற இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கூண்டு முழுக்க இருக்காது. அந்த இரண்டு இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் இருந்த கொட்டகை ஒன்றில் ஒரு மழைக்காலத்தில் ஈ அடங்கவே இல்லை. மாதம் முழுக்க மருந்து அடித்தோம், மருந்தை மாற்றியும் அடித்தோம். கடைசியில் ஒரு வயதான வேலைக்காரர் கூண்டு வரிசைக்கு அடியில் குனிந்து நடந்துபோய்ப் பார்த்தார். நடு வரிசையில் கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கிற குழாய்முனை (நிப்பிள்) ஒன்று விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பத்தடி நீளத்துக்கு எச்சம் கூழாகிக் கிடந்தது. களைக்கொத்தை விட்டுக் கிளறினால் அரிசி கொட்டினது மாதிரி புழு. மற்ற இடமெல்லாம் எச்சம் கூம்பு கூம்பாகக் காய்ந்து நின்றது, அங்கே ஒன்றுமில்லை. சில ரூபாய் வாஷரை மாற்றி, அந்தப் பத்தடியை மட்டும் அள்ளி வெளியே காயப்போட்டோம். இரண்டு வாரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் எந்தக் கூண்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் வைக்கிற இடத்தைத்தான் பார்க்கிறேன்.

வீட்டுக்கூண்டில் பெரும்பாலும் தண்ணீரை அகலச் சட்டியில் தரையில் வைக்கிறோம். கோழி அதில் கால் வைக்கும், கவிழ்க்கும், சுற்றிலும் சேறாகும். சட்டியைக் கோழியின் முதுகு உயரத்துக்கு வருகிற மாதிரி செங்கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள். செங்கல்லைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு ஜல்லியோ பருமணலோ போட்டால் சிந்துகிற தண்ணீர் கீழே இறங்கிவிடும், எச்சத்தோடு கலக்காது. முடிந்தால் சட்டியைக் கூண்டுக்கு வெளியே, கோழி பகலில் மேய்கிற இடத்தில் வைத்து இரண்டு நாளுக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். ராத்திரி அடைந்த கோழி தண்ணீர் குடிக்காது. ஆகவே கூண்டுக்குள் ராத்திரி தண்ணீர் தேவையே இல்லை. காலையில் திறந்ததும் கிடைத்தால் போதும்.

எச்சமே தண்ணியாகப் போகிறதா என்றும் கவனியுங்கள். மிஞ்சிய குழம்புச்சோறு, ஊறுகாய், கருவாடு என்று உப்புள்ளதைப் போட்டால் கோழி அதிகம் தண்ணீர் குடித்து நீர்த்த எச்சம் போடும். வெயில் காலத்திலும் இது நடக்கும், அது இயல்புதான். ஆனால் குடற்புழுவாலும் கழிச்சலாலும் எச்சம் இளகலாம். எச்சத்தில் ரத்தம் தெரிந்தாலோ, கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றாலோ ஈயை மறந்துவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் போங்கள். குஞ்சுகளில் ரத்தக்கழிச்சல் வேகமாகப் பரவும்.

அடுத்தது, ராத்திரி எச்சம். ஒரு கோழி ஒரு நாளைக்கு 100 கிராமுக்கு முன்பின் எச்சம் போடும் என்று வைத்துக்கொண்டால் 15 கோழிக்கு ஒன்றரைக் கிலோ, வாரத்துக்குப் பத்துக் கிலோ. அதில் பெரும் பங்கு ராத்திரியில் கம்புக்குக் கீழே ஒரே கோட்டில் விழுகிறது. இது உங்களுக்கு நல்லது, ஏனென்றால் ஒரே இடத்தில் பிடித்துவிடலாம். கம்புக்குக் கீழே பழைய பிளக்ஸ் பேனர் ஒன்றை விரியுங்கள், அல்லது ஒரு தகரத்தை வையுங்கள். அதன் மேல் ஒரு கை உமியும் சாம்பலும் தூவுங்கள். புதனும் ஞாயிறும் என்று வாரத்துக்கு இரண்டு நாள் குறித்துக்கொண்டு அதைச் சுருட்டி வெளியே எடுத்து உதறுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கோடையில் சில சமயம் போதும், மழையில் போதாது. ஐந்தாம் ஆறாம் நாளிலேயே முற்றிய புழு ஓரத்துக்கு நகர்ந்து மண்ணுக்குள் போய்விடுகிறது. ஏழாம் நாள் நீங்கள் எச்சத்தை அள்ளும்போது அது அங்கே இல்லை. மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை என்றால் எந்தப் புழுவுக்கும் முற்றுவதற்கு நேரம் கிடைக்காது. நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கூண்டின் தரைக்கு ஆழ்கூளம் நல்லது. நெல் உமி, கடலைத்தோல், மரத்தூள், காய்ந்த தென்னை நார்க்கழிவு எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை மூன்று நாலு அங்குலம் பரப்புங்கள். நார்க்கழிவு ஈரத்தை நன்றாக இழுக்கும், ஆனால் வாங்கும்போதே ஈரமாக இருக்கும். இரண்டு நாள் வெயிலில் போட்டுத்தான் பரப்ப வேண்டும். தினமும் ஒரு பிடி கம்போ நொறுக்கிய சோளமோ கூளத்தின் மேல் வீசினால் கோழிகளே கிளறிக் காயவைத்துவிடும். புழு இருந்தாலும் பொறுக்கித் தின்றுவிடும். கூண்டுக் கம்பிக்குள் அடைபட்ட முட்டைக்கோழிக்கு இந்த வசதி இல்லை. பெரிய பண்ணைகளில் ஈத்தொல்லை கடுமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து இறுக்குங்கள். கையை விரித்ததும் மெல்ல உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி உருண்டை நின்றால் ஈரம் அதிகம், அந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புது உமி போடுங்கள். தூசியாகப் பறந்தால் அதிகம் காய்ந்திருக்கிறது, கோழிக்கு மூச்சுக்கு ஆகாது. கட்டிதட்டிப் பலகை மாதிரி ஆன இடத்தை உடைத்துவிடுங்கள், பலகைக்கு அடியில் ஈரம் தங்கும்.

நன்றாகக் காய்ந்து உதிரியாக இருக்கிற பழைய கூளத்தை முழுக்க வழித்து எடுக்காதீர்கள். சுத்தம் என்றால் தரை தெரிய வேண்டும் என்று நினைத்து நானும் ஒரு காலத்தில் சுரண்டியிருக்கிறேன். அந்தக் காய்ந்த அடுக்கில் ஈ முட்டையைத் தின்கிற சிறு உண்ணிகளும் வண்டுகளும் குடியிருக்கின்றன. கூட்டுப்புழுவைத் துளைத்து அதற்குள் தன் முட்டையை வைக்கிற குட்டிக் குளவிகளும் உண்டு. எறும்பைவிடச் சின்னது, நம்மைக் கொட்டாது. இவை ஈயைவிட மெதுவாகப் பெருகுகின்றன. மொத்தமாக வழித்தெடுத்த கூண்டில் அடுத்து விழுகிற புது எச்சத்துக்கு ஈ முதலில் வந்துவிடும், அதன் எதிரிகள் வந்து சேர நாளாகும். எச்சத்தின் மேல் மருந்து அடித்தாலும் இதே கதைதான். அதனால் ஈரமானதை மட்டும் எடுங்கள், காய்ந்ததில் ஒரு அடுக்கை விட்டுவையுங்கள்.

சுண்ணாம்பு போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். எச்சத்தை அள்ளிய பிறகு வெறும் தரையிலோ சுவர் ஓரத்திலோ நீற்றிய சுண்ணாம்புத் தூளைப் போடுவதில் தவறில்லை. ஈரமான எச்சத்தின் மேல் போட்டால் அதில் இருக்கிற தழைச்சத்து அம்மோனியாவாகக் கிளம்பும், கண்ணை எரிக்கும். மூடிய கூண்டில் கோழிக்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிடும். நீற்றாத கற்சுண்ணாம்பு கூண்டுக்குள் வேண்டவே வேண்டாம், காலைப் புண்ணாக்கிவிடும். சாம்பலிலும் காரம் உண்டு, அதனால் காய்ந்த சாம்பலை உமியோடு கலந்து மெல்லத் தூவினால் போதும். குவித்துக் கொட்டாதீர்கள்.

அள்ளிய எருவை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பல வீடுகளில் விஷயம் கெடுகிறது. கூண்டைப் பளிச்சென்று வைத்துவிட்டு, பத்தடி தள்ளித் தென்னைமரத்தடியில் எச்சத்தைத் திறந்து குவித்து வைத்திருப்பார்கள். ஈ அங்கே பிறந்து வீட்டுக்கு வரும். வெயில் இருந்தால் எச்சத்தை ஒரு அங்குலத்துக்கு மேல் தடிமன் இல்லாமல் தார்ப்பாயில் பரப்புங்கள், ஓரிரண்டு நாளில் காய்ந்துவிடும். காய்ந்ததை மூட்டையில் கட்டி, நனையாத இடத்தில் வைத்து, செடிக்குப் பயன்படுத்தலாம். மழையில் இது முடியாது. அப்போது ஒரு பங்கு எச்சத்துக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலைதழை சேர்த்துக் குவித்து, மேலே நாலு விரல் தடிமனுக்கு மண்ணோ காய்ந்த சருகோ போட்டு மூடி, அதன் மேல் தார்ப்பாய் போர்த்தி ஓரத்தைக் கல் வைத்து அழுத்துங்கள். ஈ மேற்பரப்பில்தான் முட்டை வைக்கும், மூடிய குவியலில் அதற்கு இடமில்லை. உள்ளே கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறும், இருக்கிற புழுவும் அதில் வெந்துவிடும். விளிம்புப் பக்கம்தான் சூடு குறைவு. வாரத்துக்கு ஒரு முறை விளிம்பை வெட்டி நடுவில் போட்டுக் கிளறி மறுபடி மூடுங்கள். அந்த நேரத்தில் கோழிகளைப் பக்கத்தில் விட்டால் ஓடி ஒளிகிற புழுவை அவை பார்த்துக்கொள்ளும்.

கோழி ஈப்புழுவைத் தின்னலாமா? கூளத்தில் பொறுக்குவதைத் தடுக்க வேண்டாம், தடுக்கவும் முடியாது. ஆனால் கோழிக்கு வருகிற ஒருவகை நாடாப்புழு ஈயின் வழியாகவும் பரவுகிறது, அதனால் குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்கிற இடைவெளியில் தவறாமல் கொடுங்கள். செத்த கோழி, எலி, மீன் கழிவு இவற்றில் வளர்ந்த புழுவை மட்டும் கோழி தொடவே கூடாது. அழுகிய உடலில் உண்டாகிற நச்சு அந்தப் புழுவில் இருக்கும். அதைத் தின்ற கோழிக்குக் கழுத்து தொங்கி, கால் செயலிழந்து சாவு வரும். கோழி செத்தால் அன்றைக்கே மூன்றடிக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். உடைந்த முட்டையையும் அப்படியே விடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உடம்பு பச்சையாக மினுமினுக்கிற ஈ வந்தால் அது பெரும்பாலும் எச்சத்துக்கு வந்த ஈ அல்ல, அழுகலுக்கோ புண்ணுக்கோ வந்தது. கழிச்சலால் பின்பக்க இறகு நனைந்து ஒட்டியிருக்கிற கோழி, கொத்துப்பட்டுக் காயமான கோழி இவற்றில் அது முட்டை வைக்கும், ஓரிரு நாளில் புழுப்புண்ணாகிவிடும். மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு ஒரு முறை கோழிகளைத் தூக்கி வால் பக்கம் பாருங்கள். அசிங்கமாக இருந்தால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒட்டிய இறகை வெட்டிவிடுங்கள். புழுவே இருந்தால் இடுக்கியால் எடுத்துவிட்டு, தேங்காயெண்ணெயில் கற்பூரம் பொடித்துப் போட்டு லேசாகத் தடவலாம், சீத்தாப்பழ இலையை அரைத்துப் பூசுவதும் பழைய வழக்கம். கோழியைத் தனியே ஈ நுழையாத வலைக்குள் வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

பொறிகள் உதவும், ஆனால் அவை இரண்டாவது வேலை. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல் பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே கருவாட்டுத் தலையும் கொஞ்சம் வெல்லமும் தண்ணீரும் சில சொட்டு சோப்புத் திரவமும் விட்டால் ஈ உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். இதைக் கூண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். நாற்றத்துக்கு ஊர் ஈயெல்லாம் அங்கே வரும். கூண்டிலிருந்து முப்பதடி தள்ளி, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். நாலைந்து நாளில் கொட்டிப் புதைத்துவிடுங்கள், விட்டால் அதற்குள்ளேயே புழு வைக்கும். கூண்டுக்குள் என்றால் ஒட்டுநாடா நல்லது. ஈ ராத்திரியில் கூரைக்கம்பிலும் கயிற்றிலும் தங்கும், கரும்புள்ளி நிறைய இருக்கிற இடம்தான் அதன் படுக்கை. கோழி எட்டாத உயரத்தில் அங்கே கட்டுங்கள். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையைத் தொங்கவிடுவதை மீன்கடைகளில் பார்த்திருப்பீர்கள். நான் இரண்டு மாதம் தொங்கவிட்டுப் பார்த்தேன், ஈயில் குறைவே இல்லை. துளசி, புதினா, எலுமிச்சம்புல் நட்டாலும் ஈ நிற்காது. நடுங்கள், சமையலுக்கு ஆகும்.

மருந்து பற்றி. நுவான் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்திருந்த டைகுளோர்வாஸ் மருந்துக்கு இந்தியாவில் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு தடை. எங்காவது பழைய புட்டி கிடைத்தாலும் தொடாதீர்கள். சர்க்கரையில் விஷம் கலந்த ஈத்தூளைத் தட்டில் வைக்கிற பழக்கம் இன்னும் ஆபத்து. செத்த ஈயையும் சிதறிய சர்க்கரையையும் கோழி கொத்தும், குழந்தை கை வைக்கும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி மருந்துகளுக்கு ஈ பல இடங்களில் பழகிவிட்டது. உங்களுக்கு இரண்டு நாள் மட்டும் குறைவது அதனாலும் இருக்கலாம். கட்டாயம் அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், கோழி வெளியே போயிருக்கும் பகலில், ஈ உட்காருகிற வெளிச்சுவரில் மட்டும், புட்டியில் எழுதிய அளவில் அடியுங்கள். தீவனம், தண்ணீர், முட்டை வைக்கிற கூடை, எச்சம் எதன் மேலும் படக் கூடாது. பெரிய பண்ணைகளில் தீவனத்தில் கலக்கிற சைரோமசின் புழுவை முற்றவிடாது. அது பல்லாயிரம் கோழி வைத்திருப்பவர்களுக்கு, மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுப்பது. நாம் தின்கிற 15 கோழிக்கு அது வேண்டாம்.

பக்கத்து வீட்டாரிடம் இன்றைக்கே போய்ப் பேசுங்கள். "மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள், இதைத்தான் செய்கிறேன்" என்று கூட்டிவந்து காட்டுங்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சாப்பாட்டில் உட்காருகிற ஈ எச்சத்திலிருந்து எழுந்து வந்தது, வயிற்றுப்போக்குக் கிருமியைக் காலில் சுமந்துவரும். ஆனால் இன்றைக்கு எல்லாம் சரிசெய்தாலும் ஏற்கெனவே பறக்கிற ஈ இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும், மிஞ்சிய புழுவும் மண்ணுக்குள் இருக்கிற கூட்டுப்புழுவும் பத்து நாள் வரை ஈயாக வெளியே வந்துகொண்டிருக்கும். முதல் வாரத்தில் மாற்றம் தெரியாது. அந்த நேரத்தில் மனம் தளர்ந்து மறுபடி மருந்துக் கடைக்குப் போய்விடாதீர்கள்.

குறைகிறதா என்று கண்ணால் மதிப்பிடுவது கஷ்டம். அஞ்சலட்டை அளவுக்கு நாலு வெள்ளை அட்டை வெட்டி, ஈ உட்காருகிற கம்பிலும் கூரையிலும் ஒட்டுங்கள். ஒரு வாரம் கழித்து அதில் இருக்கிற கரும்புள்ளிகளை எண்ணித் தேதியோடு எழுதிவிட்டு, அதே இடத்தில் புது அட்டை ஒட்டுங்கள். மூன்றாவது வாரத்து எண்ணிக்கை முதல் வாரத்தில் பாதிக்கும் கீழே வந்திருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். குறையவே இல்லை, உங்கள் கூண்டில் எங்கே கிளறினாலும் புழுவும் இல்லை என்றால், ஈ வேறிடத்திலிருந்து வருகிறது. மாட்டுத் தொழுவம், திறந்த சாக்கடை, தெருமுனைக் குப்பைத்தொட்டி, மாமரத்தடியில் அழுகும் பழம் எல்லாவற்றையும் அதே களைக்கொத்தோடு போய்ப் பாருங்கள். ஈ ஒன்றிரண்டு கிலோமீட்டர் சாதாரணமாகப் பறந்து வரும். பக்கத்து வீட்டாரையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.